ரேஷன்னு பேர் வெச்ச ஃபோல்டர்

ஜன. 18, ஞாயிறு

ஒம்பது மணி வரைக்கும் பனிமூட்டம். காப்பிக்கொட்டை காயவே இல்லே. களத்துல விரிச்சு, தூறல் மாதிரி விழுந்ததும் அள்ளி, மறுபடி விரிச்சு. இடுப்பு போச்சு.

பத்து மணிக்கு இவரு கூட ஜீப்புல ஏற்காடு. சாமான் வாங்க. தக்காளி, பருப்பு, சோப்பு ரெண்டு, மக யாழினிக்கு ரப்பர் பேண்டு. (மறந்தது: தேங்காண்ணெய்.)

நான் இவரு ஓட்டற சவாரி ஜீப்புல ஏறுறதே மாசத்துல ஒருக்கா. இன்னிக்கு ஆளு கம்மி, அதனால முன்சீட்டு. மத்த நாள்ல அது கலைக்கு. தெனமும் காலைல மாரமங்கலத்துல ஏறி பஜார்ல எறங்குவா, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி. பஜார்ல இ-சேவை கடைல வேலை அவளுக்கு. லேப்டாப்பு பையை மடில வெச்சுக்கோணுமாம். பின்னாடி உக்காந்தா இடிச்சு ஒடைஞ்சு போகுமாம். முன்சீட்டுக்கு ஒரு காரணம் வேணுமில்ல.

தீவாளிக்கு ஜீப்புல ஒரு புளூடூத்து பாட்டுப்பெட்டி மாட்டுனாரு. இவரு கைல இருக்கறது பட்டன் போனு, அதுல பாட்டும் இல்லே ஒண்ணுமில்லே. பெட்டி கம்முனு கெடந்துச்சு. கலை ஊடு இருக்கற வளைவு வந்துச்சு. ஊடு ரோட்டை ஒட்டித்தான். சொன்னா நம்ப மாட்டாங்க, பெட்டி தானா பாட ஆரம்பிச்சுருச்சு. நல்ல காதல் பாட்டு. வளைவு தாண்டுனதும் நின்னு போச்சு.

"என்னங்க அது?"

"எது?"

"பாட்டு."

"அது அப்பிடித்தான், தானா பாடும்."

தானா பாடுமாம். பெட்டி முகப்புல இங்கிலீசுல கலைன்னு ஓடுனதை நான் பாத்தேன். பத்தாவது பெயிலுதான், ஆனா அஞ்செழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாதவ இல்லே.

ஞாயித்துக்கிழமை, அவ ஊட்டுக்குள்ள இருக்கறா. போனு அவ ஊட்டுல. எங்க ஜீப்பு ரோட்டுல போகுது. அவ போனைக் கண்டதும் பாடுது. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துனவ பக்கத்துல உக்காந்திருக்கறேன், எனக்கு ஒரு சத்தமும் இல்லே.

திரும்பி வரும்போது அந்த வளைவுல போனை மடில சாய்ச்சு வெச்சு வீடியோ எடுத்துட்டேன். மறுபடி பாடுச்சு. முப்பது நொடி. ஃபோல்டர்ல போட்டாச்சு.

ஜன. 19, திங்கள்

குளிர். எஸ்டேட்டுல காப்பிப் பழம் எடுக்கற வேலை. ரைட்டர் எட்டு மணிக்கே பேர் எழுதிட்டாரு, நாலு நிமிசம் பிந்துனதுக்கு ஒரு பார்வை.

பக்கத்து நிரைல ரெண்டு பொம்பளைங்க பேசுனது, காதுல விழுந்த வரைக்கும்:

"நான் பாத்தேனுங்க, முன்னாடி உக்காந்துட்டு சிரிக்கறா."

"டிரைவரு கூட சிரிக்காம என்ன பண்ணுவா, வழி முழுக்க."

நான் இருக்கறது தெரிஞ்சதும் பழத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நல்லாப் பேசுங்க.

கலைகிட்ட இருக்கறது: வயசு (29), இடுப்பு, இங்கிலீசு, லேப்டாப்பு, நகத்துல சாயம், எல்லார் ஊட்டு விசயமும். அவகிட்ட இல்லாதது: புருசன். ரெண்டு வருசம் இருந்துட்டு திருப்பூருக்குப் போனவன் திரும்பல. அம்மா கூடத்தான் இருக்கறா.

என்கிட்ட இருக்கறது: புருசன். அதுவும் இப்ப சந்தேகம்.

ஃபோல்டர் பத்தி. இதை எங்கியாச்சும் எழுதி வெச்சாத்தான் மனசு ஆறும். தீவாளில இருந்து சேத்துட்டு வர்றேன். ஜீப்பு பின்கண்ணாடி வழியா ரெண்டு தலை தெரியற போட்டோ. இவரு பட்டன் போன்ல அவ நம்பரு வந்திருக்கற பக்கத்தை என் போன்ல போட்டோ புடிச்சது. சீட்டுல கெடந்த ஹேர்பின். என்னிக்கு எத்தனை மணிக்கு ஊட்டுக்கு வந்தாருன்னு எழுதுனது. யாருகிட்டயும் சொல்ல முடியாம நானே பேசிப் பதிவு பண்ணது. இன்னிக்குப் பண்ணதையும் சேத்து மொத்தம் இருவத்திரெண்டு.

பேரு "ரேஷன்". யாழினி லீவுக்கு வந்தா என் போனைத்தான் எடுப்பா, இவரும் சில நேரம் எடுப்பாரு. ரேஷன்னு இருந்தா எவனும் தொட மாட்டான். நம்பறதுக்காக உண்மையான ரேஷன் கார்டு போட்டோ ரெண்டு பக்கமும், ஆதாரு மூணு, யாழினி டீசி ஒண்ணு எல்லாம் அதுக்குள்ளயே போட்டு வெச்சேன். என் மூளைக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் காப்பித் தோட்டத்துல தனியா நின்னு ஒரு பதிவு. நாலு நிமிசம். என்னென்ன பேசுனேன்னு இங்க எழுத மாட்டேன். பேசுன பின்னாடி தொண்டை வலி, மனசு லேசு.

ஜன. 21, புதன்

யாழினி ஹாஸ்டல்ல இருந்து கூப்பிட்டா. நர்சிங்குக்கு எழுதிப் போட சாதிச் சான்றிதழ் புதுசா கம்ப்யூட்டர்ல எடுத்தது வேணுமாம். இந்த வாரத்துக்குள்ள மனு போடலைன்னா சிக்கலாம். "அம்மா, கலையக்காகிட்ட குடுத்தா ஒரு நாள்ல போட்டுருவாங்க." கலையக்காவாம்.

இவருகிட்ட சொன்னேன்.

"கலைகிட்ட குடுத்துரு. அது பாத்துக்கும்."

அது பாத்துக்கும். எவ்வளவு பதமா வருது பேச்சு. என்னைப் பத்தி வெளிய சொல்லும்போது "அவ ஒருத்தி"ன்னுதான் வரும்.

ஏற்காட்டுக்கு நானே போயி வேற கடைல குடுக்கலாம்னு பாத்தேன். ஒரு நாள் கூலி போகும், ரைட்டர் முகத்தைத் தூக்குவாரு. புள்ளை படிப்பு. பல்லைக் கடிச்சுட்டு சரின்னேன்.

மொளகு கொடில இன்னும் பச்சை. அடுத்த மாசம்தான்.

ஜன. 22, வியாழன்

எழுத்து கோணலாத்தான் வருது. நடந்ததை வரிசையாப் போடறேன்.

காலைல ஏழரைக்கு கலை ஊட்டுக்கே வந்தா. இங்க டவர் சரியா இல்லே, வாட்சப்புல ஒரு போட்டோ போக அரை மணி ஆகும். அதனால ஊர்ல எல்லாரும் அவ போனுக்கு புளூடூத்துல அனுப்பிருவாங்க, அவ பஜாருக்குக் கொண்டு போயி அங்க ஏத்துவா. அதுதான் வழக்கம். ஊரு முழுக்க ஆதாரு அவ போன்ல இருக்குது.

"அக்கா, ரேஷன் கார்டு, ஆதாரு, டீசி. அவ்வளவுதானுங்க. புளூடூத்து போடுங்க."

போட்டேன். லிஸ்டுல அவ பேரு வந்துச்சு. அதைப் பாத்ததும் வளைவும் பாட்டும் ஞாபகம்.

"அண்ணன் நேத்தே சொன்னாருங்க, யாழினிக்கு அவசரம்னு."

நேத்தே சொல்லியாச்சு. என்கிட்ட குடுக்கச் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா? இதையே யோசிச்சுட்டு விரலை ஓட்டுனேன். ஒவ்வொண்ணா டிக் பண்ணியிருக்கோணும். ரேஷன் கார்டு கேட்டா, ரேஷன்னு ஒரு ஃபோல்டர் இருக்குது, கை பழக்கத்துல முழுசா எல்லாத்தையும் டிக் பண்ணி அனுப்பிட்டேன். என் பொய்யி என்னையே ஏமாத்திப் போட்டுச்சு.

போன்ல ஓடுது: 28ல் 3. 28ல் 4.

இருவத்தெட்டுன்னு பாத்ததும்தான் செஞ்சது ஒறைச்சுது. நிறுத்தறது எப்படின்னு தெரியலே. அமுக்குனா வேற என்னமோ வருது. 28ல் 9. புளூடூத்து தூரம் போனா அறுந்துரும்னு தெரியும். எந்திரிச்சேன், போனைக் கைல புடிச்சுட்டு ஓடுனேன். களத்தைத் தாண்டி, மொளகுக் கொடி தாண்டி, காப்பிச் செடிக்குள்ள.

"அக்கா, எங்க போறீங்க? தள்ளிப் போனா அறுந்துருமுங்க!"

"மாடு அவுந்துருச்சு!"

எங்க ஊட்டுல மாடே இல்லே.

பள்ளத்துல எறங்கி நின்னு பாத்தேன். நின்னு போச்சு. 15 போயிருக்குது. பாவாடைல பூரா முள்ளு.

திரும்பி மேல வந்தேன். கலை அங்கயே நிக்கறா.

"மாடு கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சுது. கலை, அதுல வேண்டாததும் ரெண்டு மூணு வந்திருக்கும். அழிச்சுரு."

"சரிங்க அக்கா. கடைக்குப் போயி ஒவ்வொண்ணா பாத்து, வேண்டாததை எடுத்துர்றனுங்க."

ஒவ்வொண்ணா பாத்து. வேண்டாம், பாக்காம அழின்னு எப்படிச் சொல்றது? சொன்னா அதுவே போதும் பாக்கறதுக்கு.

கீழ ரோட்டுல இவரு ஹாரன் அடிச்சாரு, ரெண்டு தடவை. அவ ஓடுனா. நான் களத்துல உக்காந்துட்டேன். வேலைக்குப் போகலே. சோறு பொங்கலே. இவரு மதியம் வந்தப்ப "தலைவலி"ன்னேன், "மாத்திரை போடு"ன்னாரு.

இந்த நோட்டு ஒண்ணுதான் தானா எங்கியும் போகாது.

ஜன. 23, வெள்ளி

வேலைக்கு ரெண்டாவது நாள் மட்டம். ஒம்பதரை பஸ்ஸுல ஏற்காடு. இவரு ஜீப்புல போனா அவ இருப்பா.

பதினஞ்சுல ஆறு நல்லதுன்னே வெச்சாலும் ஒம்பது கெட்டது போயிருக்குது. எந்த ஒம்பது? பஸ்ஸு முழுக்க இதே கணக்கு. ஹேர்பின்னு போனா போகட்டும். பின்கண்ணாடி போட்டோ போனாலும் "சும்மா எடுத்தேன்"னு சொல்லலாம். நேரம் எழுதுனது போனா இவரு பேருதான் இருக்குது. தோட்டத்துல பேசுன பதிவு மட்டும் போயிருக்கக் கூடாது. சாமிக்கு வேண்டிக்கிட்டேன், அது மட்டும் வேண்டாம்னு.

பஜார்ல லேக்குக்குப் போற வழில ஒரு செல்போன் கடை, உள்ள ஒரு பொண்ணு. "எதெது போச்சுன்னு பாக்க முடியுமா கண்ணு?"

"பாக்கலாமுங்க அம்மா. அனுப்புனது எல்லாம் புளூடூத்துலயே லிஸ்டா நிக்கும்."

ரெண்டு தட்டு தட்டி நீட்டுனா. பச்சை டிக் இருந்தா போயிருச்சு, இல்லைன்னா போகலே.

போனது: ரேஷன் கார்டு முன்பக்கம், பின்பக்கம். ஆதாரு மூணு. டீசி. பின்கண்ணாடி போட்டோ நாலு. நம்பரு போட்டோ ரெண்டு. ஹேர்பின். வளைவு வீடியோ. கடைசியா ஒண்ணு: பதிவு 7.

பதிவு ஏழுதான் தோட்டத்துல பேசுனது. நாலு நிமிசமும் முழுசாப் போயிருக்குது. மத்த ஆறு பதிவும் போகலே. நான் பள்ளத்துல எறங்கும்போது அதுதான் போயிட்டிருந்திருக்குது. ரெண்டு அடி முன்னாடி ஓடியிருந்தா.

அந்தப் பொண்ணு நொம்ப பொறுமையா சொல்லிக் குடுத்தா. எழுதி வெச்சுக்கறேன், காரியம் கெட்ட பின்னாடிதான், ஆனாலும்:

அனுப்பறதுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர். வேண்டியதை மட்டும் அதுல காப்பி பண்ணி, அதுல இருந்து அனுப்பறது. வேற எதுலயும் கை வெக்கக் கூடாது.

ரகசியம் எல்லாம் பூட்டு போட்ட ஃபோல்டர்ல. பேரை மாத்துனா ஒளிச்சதா ஆகாது. (இதைச் சொல்லும்போது அவ என் முகத்தைப் பாக்கலே, நல்ல புள்ளை.)

அனுப்பறதுக்கு முன்னாடி எத்தனைன்னு எண்ணிப் பாக்கோணும். ஆறு அனுப்பறோமா, ஆறுன்னு காட்டுதா.

பேரு சரியான்னு பாத்து அமுக்கோணும்.

முடிஞ்சதும் புளூடூத்து அணைக்கறது. பழைய பேரை லிஸ்டுல இருந்து எடுத்துர்றது.

"எடுக்கலைன்னா?"

"பக்கத்துல வந்தா தானா சேந்துக்குமுங்க அம்மா. நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்லே."

தெரியும் கண்ணு, அது எனக்குத் தெரியும்.

கடை வாசல்ல இருந்து பாத்தா எதிர் வரிசைல இ-சேவை கடை. உள்ள கலை. காதுல ஹெட்போனு. என்ன கேக்கறாளோ. பத்து நிமிசம் நின்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டேன்.

ஜன. 24, சனி

வெயில் வந்துச்சு. கொட்டை ஒரு வழியாக் காய்ஞ்சுது.

அந்தப் பதிவுல பேசுனதுல ஒரு வரி மட்டும் எழுதறேன், மத்தது வேண்டாம். "புருசன்காரன் சும்மாவா உட்டுட்டுப் போனான், இவ லட்சணம் தெரிஞ்சுதான் போயிருப்பான்." நான்தான் பேசுனேன். யாரும் சொல்லிக் குடுக்கலே.

சாயங்காலம் இவரு வந்தாரு. முகம் சரியில்லே.

"கலைக்கு என்னாச்சுன்னு தெரியலே. காலைல பின்னாடி போயி உக்காந்துக்குச்சு. சாயங்காலமும் பின்னாடிதான். நீ ஏதாச்சும் சொன்னயா?"

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"லேப்டாப்பு இடிக்குமேன்னு பாத்தேன்."

ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. அவ பின்சீட்டுக்குப் போனதுக்கு இவருக்குச் சோறு எறங்கலே. நான் ரெண்டு நாளா சோறு திங்காம இருந்தது யாருக்கும் தெரியலே.

அவ கேட்டுட்டா. அதுல சந்தேகம் இல்லே. வெக்கமும் பொறாமையும் ஒண்ணா வந்தா என்ன பண்றதுன்னு தெரியலே. ஒரு நேரம் அவ கால்ல விழலாம்னு இருக்குது, ஒரு நேரம் மயிரைப் புடிச்சு இழுக்கலாம்னு இருக்குது.

ஜன. 25, ஞாயிறு

அவரைக்காய் ஒரு மொறத்துல எடுத்துட்டு கலை ஊட்டுக்குப் போனேன். பாக்கறதுக்கு அவரைக்காய் குடுக்கப் போனது மாதிரி. உண்மைல அவ போனைக் கைல எடுக்க ஒரு நிமிசம் கெடைக்குமான்னு பாக்கத்தான். எடுத்து அந்த ஒம்பதையும் அழிச்சுட்டா, கேட்டது கேட்டதா போகட்டும், சாட்சி இல்லாம போகும். அப்பிடியே அவ போன்ல இவரு பேருல என்ன இருக்குதுன்னும் ஒரு பார்வை.

அவ அம்மா அடுப்படில. கலை துணி காயப் போட வெளிய. போனு சுவத்துல சார்ஜுல. எடுத்தேன். ஒம்பது புள்ளி வந்து கோடு போடச் சொல்லுது. பூட்டு.

"பூட்டியிருக்கறனுங்க அக்கா."

வாசப்படில நிக்கறா, ஈரத்துணி கைல. போனை வெச்சுட்டேன். என்ன பொய் சொல்றதுன்னு தேடுனேன், ஒண்ணும் வரலே. மாடு வேற ஒருக்கா அவுந்தாச்சு.

"கேட்டயா?"ன்னேன்.

"கேட்டனுங்க. ஒவ்வொண்ணா பாத்துத்தானே பிரிக்கோணும். கடைசில இருந்துச்சு. ஆரம்பத்துல யாரோன்னு நினைச்சேன், அப்புறம்தான் உங்க குரலு."

அவ அழுகலே. துணியை மடிச்சு மடிச்சு வெச்சா.

"அவரு எதுக்குப் போனாருன்னு எனக்கே தெரியாதுங்க அக்கா. ரெண்டு வருசமா யோசிக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

தலையைக் குனிஞ்சுட்டேன். தப்புன்னு சொன்னேன். வாய்க்குள்ளயே சொன்னேன், கேட்டுச்சான்னு தெரியலே.

அப்புறம் அவ சொன்னது. அப்பிடியே எழுதறேன்.

"எனக்கு அண்ணன் மேல ஒண்ணுமில்லீங்க. அவரு பேச்சுதான் ஒரு மாதிரி போச்சு. முதல்ல நல்ல மனசுன்னு நினைச்சேன். அப்புறம் பயமாயிருச்சு. நாளைக்கு ஊரு பேசுனா என்னையத்தான் பேசும், அவரைப் பேசாது. அதனால அவரு பேசும்போது பதிவு பண்ணி, பூட்டு ஃபோல்டர்ல வெச்சுட்டேன். இப்பிடிப் பேசாதீங்கன்னு போன மாசமே சொல்லிட்டனுங்க. அதுல இருந்து கம்முனுதான் வர்றாரு."

"அப்புறம் எதுக்கு முன்சீட்டுல உக்காந்தே?"

"திடீர்னு பின்னாடி போனா ஏன்னு எல்லாரும் கேப்பாங்களே அக்கா. இப்ப கேட்டா கேக்கட்டும்."

"பாட்டு? வளைவுல பாடுது."

"பெட்டி மாட்டுன அன்னிக்கு, பாடுதான்னு பாக்க என் போன்ல சேத்துக் காட்டச் சொன்னாருங்க. எடுக்க மறந்துட்டேன். நேத்துதான் எடுத்தேன்."

அவ போனைக் கழட்டி, கோடு போட்டுத் திறந்தா.

"நாலு பதிவு இருக்குதுங்க. உங்களுக்குத்தான் வேணுமுங்க, எனக்கு இல்லே. அனுப்பட்டுங்களா?"

என் போன்ல வந்துச்சு. கலை அனுப்பறாங்க, வாங்கலாமா வேண்டாமான்னு. மூணு மாசமா ஹேர்பின்னையும் கண்ணாடியையும் போட்டோ புடிச்சு இதைத்தானே தேடுனேன். கைல வந்து நிக்குது, விரலு போகலே. அவ அம்மா உள்ள இருந்து "காப்பி குடிச்சுட்டுப் போங்கம்மா"ன்னாங்க.

வாங்குனேன். நாலு. எண்ணிப் பாத்தேன், நாலுதான்.

என்னோட ஒம்பதையும் என் கண்ணு முன்னாடி அழிச்சா. பதிவு ஏழை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிச்சா.

ஜன. 26, திங்கள்

லீவு. பள்ளிக்கூடத்துல மைக்கு சத்தம். எஸ்டேட்டு இல்லே. இவரு மட்டும் சவாரிக்குப் போயிட்டாரு, லீவு நாள்ல டூரிஸ்டு கூட்டம்.

தோட்டத்துக்குப் போயி, அதே எடத்துல நின்னு, கேட்டேன்.

ஒண்ணாவது, பதினோரு நொடி. வண்டி சத்தம். "ஏனுங்க கலை, குளுருதுங்களா? படுதாவை எறக்கி உடட்டுங்களா?" அவ "வேண்டாமுங்க"ங்கறா. "இல்லீங்க, காத்து மூஞ்சில அடிக்குது பாருங்க. இருங்க, எறக்கறேன்." அவ்வளவுதான்.

ரெண்டாவது: அந்தக் கத்திரிப்பூ கலரு சேலை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க.

மூணாவது: ஞாயித்துக்கிழமை லீவுதானுங்களே, கரடியூரு வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமுங்களா. அவ: "அண்ணா, வண்டியை நிறுத்துங்க. நான் எறங்கி நடந்துக்கறேன்."

நாலாவது: தப்பாப் பேசிட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க, ஊட்டுல சொல்லிறாதீங்க.

மூணாவது இருக்கும்னு எனக்குத் தெரியும். மூணு மாசமா அதைத்தான் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருக்கறேன். கேட்டதும் கோவம் வந்துச்சு, நல்ல கோவம், அதை எங்க வெக்கோணும்னு எனக்குத் தெரியும். ஊட்டுல சொல்லிறாதீங்கன்னானே, அதுக்கு ஒரு கோவம்.

முதலாவதுதான் எதிர்பாக்கலே. அதை ஆறு தடவை கேட்டேன். குரலு இவரோடதுதான். ஆனா இந்தக் குரலை நான் கேட்டதில்லே. பாசஞ்சருக்கெல்லாம் "ங்க" போட்டுத்தான் பேசுவாரு, அது தொழிலு. ஆனா பின்னாடி பன்னெண்டு பேரு நெருக்கி உக்காந்து வர்றாங்க, அவங்களுக்குக் குளுருதான்னு எந்த டிரைவரும் கேக்கறதில்லே.

கல்யாணம் ஆகி வந்தது மார்கழி முடிஞ்சு தையில. குப்பனூர்ல பொறந்து வளந்தவ, அடிவாரம், இந்தக் குளிரு எனக்குத் தெரியாது. முதல் மாசம் பூரா பல்லு கிடுகிடுன்னு ஆடும். குளுருதான்னு ஒருக்கா கூட, ஒரே ஒருக்கா கூட.

சேலை நல்லாயிருக்குதுன்னு சொன்னதுக்குப் பொறாமை வரலே. கரடியூருக்குக் கூட வரலே. இந்தப் பதினோரு நொடிக்கு வயிறு எரியுது. கலை மேல இல்லே. அந்தப் பதினோரு நொடிக்குள்ள இருக்கற பொம்பளை மேல, அவ யாரா இருந்தாலும்.

நாலையும் பூட்டு ஃபோல்டர்ல போட்டேன். பேரு எதுவும் வெக்கலே. பழைய "ரேஷன்"ல ரேஷன் கார்டு, ஆதாரு, டீசி, ஆறு மட்டும். மத்த இருவத்திரெண்டும் அழிச்சாச்சு.

ஜன. 27, செவ்வாய்

மறுபடி பனி. வேலைக்குப் போனேன். ரைட்டர் "என்னம்மா, போன வாரம் ஆளைக் காணோம்"னாரு. ஒடம்பு சரியில்லைன்னேன்.

சாயங்காலம் கலை ரோட்டுல எறங்கி, மேல ஏறி வந்து சீட்டு குடுத்தா. யாழினி மனு போட்டாச்சு, நம்பரு இருக்குது, பத்திரமா வெச்சுக்கச் சொன்னா. அவ்வளவு பேச்சும் கேட்ட பின்னாடியும் போட்டுட்டா. இவரு கீழ ஜீப்புல இருந்து பாத்துட்டு இருந்தாரு, எங்க ரெண்டு பேரையும்.

ஏழு மணிக்கு இவருக்குச் சோறு போட்டேன். கொள்ளு ரசம், அவரைப் பொரியல். போனைத் தட்டுக்குப் பக்கத்துல தரைல வெச்சேன், மூணாவது பதிவு திறந்து, அமுக்குனா பாடும். அதுக்கு முன்னாடி என்னமோ தோணுச்சு, ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்னு.

"எனக்குக் குளுருதுங்க."

"கதவு தெறந்து கெடக்குது, போயி சாத்து."

தலை தூக்கலே. அடுத்த வாய் சோறு போச்சு.

எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்துனேன். வந்து உக்காந்தேன். மூணாவதை மூடிட்டு, முதலாவதைப் போட்டு உட்டேன். ஏனுங்க கலை, குளுருதுங்களா. பதினோரு நொடியும் ஓடி முடியற வரைக்கும் இவரு கை தட்டுலயே இருந்துச்சு.